லெசோத்தோவுக்கு ஊழியப் பயணம் புறப்படும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு,

வருகிற ஆண்டில் ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள லெசோத்தோ மலைநாட்டுக்கு நீங்கள் மேற்கொள்ளவிருக்கும் ஊழியப் பயணத்துக்காக ஜெபிக்கும்படி கேட்டு அச்சிடப்பட்ட கைப்பிரதி, சென்ற மாதம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் கையிலும் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கு வந்து இருமுறை படித்தேன். அந்நாட்டுப் பசோத்தோ மக்களைச் சுவிசேஷ ஒளி எட்டாதவர்கள் என்றும், செத்தவர்களின் ஆவிகளை வணங்கி இருளில் கிடப்பவர்கள் என்றும் அதன் மூன்றாம் பத்தி சொல்கிறது. 1980களில் அந்நாட்டின் மிஷன் பள்ளியொன்றில் ஏழாண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். அந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. உங்களிடம் தனியே பேசியிருக்கலாம். ஆனால் கைப்பிரதி பல சபைகளுக்குப் போய்விட்டபடியால் பதிலும் பொதுவில் இருப்பதே முறை என்று எண்ணுகிறேன்.

உங்கள் அழைப்பையோ ஆர்வத்தையோ நான் சந்தேகிக்கவில்லை. நானும் விசுவாசிதான், கிறிஸ்துவைப் பிறருக்கு அறிவிப்பது கடமை என்று நம்புகிறவன்தான். ஆகவே, ஒருவருடைய நம்பிக்கையைப் பற்றி மற்றவர் வாயே திறக்கக்கூடாது என்பவனுடைய மடலாக இதை வாசிக்க வேண்டாம். யாரிடம் போகிறீர்கள், அவர்களிடம் உங்களுக்கு முன்னே போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அறிந்துகொண்டு போங்கள் என்பதே என் வேண்டுகோள்.

லெசோத்தோவுக்குச் சுவிசேஷம் எட்டவில்லை என்பது உண்மைக்கு மாறானது. பாரிஸ் நகரத்துச் சுவிசேஷ மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த யூஜீன் கசாலிஸ், தாமஸ் அர்பூசே, கான்ஸ்டன்ட் கோஸ்லன் என்ற மூவர் 1833ஆம் ஆண்டிலேயே அங்கு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கசாலிஸுக்கு அப்போது இருபது வயதுதான். அவர்கள் அழையாத வீட்டில் நுழைந்தவர்கள் அல்லர் என்பதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். போரிலும் பஞ்சத்திலும் சிதறிக் கிடந்த குலங்களைத் தாபா பொசியு என்ற மலையின் உச்சியில் ஒன்றுசேர்த்து ஒரு தேசமாக்கிய மன்னர் மொஷ்வேஷ்வே, ஆதாம் கிரோட்ஸ் என்ற கிரிக்குவா இனத்து வேட்டைக்காரர் மூலம் மிஷனெரிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, தமக்கும் அப்படி ஒருவரைத் தேடித் தரும்படி மாடுகளை அனுப்பிக் கேட்டவர். அந்த மாடுகளை வழியிலேயே கொரானா இனத்துக் கொள்ளையர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பக்தி ஒன்றுதான் அவரை அப்படிக் கேட்கவைத்தது என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கியும் குதிரையும் கொண்ட எதிரிகள் சூழ்ந்திருந்த காலத்தில், வெள்ளையர் உலகத்தோடு பேசவும் கடிதம் எழுதவும் தமக்கு ஆள் தேவை என்று அந்த மதியூகி கணக்கிட்டிருப்பார். எப்படியானாலும் கதவைத் திறந்தவர் அவர்.

மோரியா மலையின் பெயரைச் சூட்டி அந்த மூவர் அமைத்த மொரிஜா என்ற ஊரிலிருந்து 1863ஆம் ஆண்டிலேயே செசோத்தோ மொழியில் ஒரு செய்தித்தாள் வெளிவரத் தொடங்கியது. அதற்கு முந்தின ஆண்டில் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த பிஷப் அலாரும் ஜோசப் ஜெரார் அடிகளாரும் கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில் அங்கு வந்து சேர்ந்தார்கள். இதே சபையினர்தான் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்கள் என்பதை நம்மில் பலர் அறியமாட்டார்கள். ஒரே நிறுவனர் அனுப்பிய ஆட்கள், ஒரு கிளை தமிழ் படித்தது, இன்னொரு கிளை செசோத்தோ படித்தது. இன்று லெசோத்தோவின் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். மக்கள்தொகையில் கிறிஸ்தவர்களின் பங்கைப் பார்த்தால், அங்கிருந்து ஒரு குழு தமிழ்நாட்டுக்கு ஊழியத்துக்கு வருவதுதான் பொருத்தம் என்றுகூட ஒருவர் கேலியாகச் சொல்லலாம்.

அப்படியானால் கைப்பிரதியில் சொல்லப்பட்ட ஆவி வணக்கம் முழுக் கற்பனையா என்றால், இல்லை. ஏதோ ஒன்றைக் கேள்விப்பட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். கேள்விப்பட்டதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

செசோத்தோவில் கடவுளுக்கு மொடிமோ என்று பெயர். லெசோத்தோவின் எழுத்துமுறையில் ‘லி’ என்று எழுதிவிட்டு ‘டி’ என்றே ஒலிப்பார்கள். ஆகையால் புத்தகத்தைப் பார்த்து ‘மொலிமோ’ என்று பிரசங்கத்தில் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள், நான் பட்டிருக்கிறேன். மறைந்த முன்னோர்களுக்குப் பாடிமோ என்று பெயர். இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். மிஷனெரிகள் கப்பலில் கொண்டுவந்த சொல் அல்ல மொடிமோ. அங்கிருந்ததை எடுத்து வேதாகமத்தில் வைத்துக்கொண்டார்கள். சர்வேசுரன் என்பதா, பராபரன் என்பதா, தேவன் என்பதா என்று நம்முடைய வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாக மாற்றிக்கொண்டிருந்த கதை உங்களுக்குத் தெரியும். பசோத்தோ மக்களுக்கு அந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. ‘யாவற்றையும் ஆளும் ஒருவர் உண்டா’ என்ற கேள்வியை அவர்களிடம் யாரும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர்களுடைய பழைய வேண்டுதல் ஒன்றை ஆரம்பகால மிஷனெரிகளே குறித்துவைத்திருக்கிறார்கள்: ‘புதிய மொடிமோவே, பழைய மொடிமோவிடம் வேண்டிக்கொள்.’ இதன் பொருளைச் சற்று நின்று யோசியுங்கள். அண்மையில் இறந்த தகப்பன் நமக்கு நெருக்கமானவர், நம் மொழியும் நம் முகமும் தெரிந்தவர். அவர் தமக்கு மூத்தவரிடம் சொல்வார், அவர் இன்னும் மூத்தவரிடம் சொல்வார், இப்படியே அந்த விண்ணப்பம் படிப்படியாக ஏறி, எல்லாருக்கும் மூத்தவரிடம் போய்ச் சேரும். ஊர்ப் பெரியவரிடம் நேரே போய்ப் பேசத் துணியாத சிறுவன் தன் மாமனை முன்னே அனுப்புவது போன்ற காரியம் இது. மரித்தவர்களைக் கடவுளாக்குவது இந்த வேண்டுதலின் நோக்கம் அன்று. கடவுளை அணுகுவதற்குத் தனக்குத் தகுதி போதாது என்ற கூச்சமும், குடும்பம் மரணத்தோடு முடிந்துபோவதில்லை என்ற உறுதியுமே இதில் இருக்கின்றன.

குடும்பம் பற்றிய அந்த உறுதி பிறப்பிலிருந்து அடக்கம்வரை நீள்கிறது. மனிதர் முதன்முதலில் கிழக்கே இன்ட்சுவானாட்சாட்சி என்ற இடத்தில், நாணல் அடர்ந்த சதுப்பிலிருந்து வெளிப்பட்டார்கள் என்பது அவர்களுடைய தொன்மம்; சூரியன் எழும் இடம் என்பது அந்தப் பெயருக்குள்ள பொருள். அதனால்தான் குழந்தை பிறந்த வீட்டின் வாசலில் ஒரு நாணலைச் செருகி வைத்தார்கள். அதனால்தான் இறந்தவரை, உட்கார்ந்த நிலையில், முகம் கிழக்கு நோக்கியிருக்குமாறு புதைத்தார்கள். உயிர்த்தெழுதலின் காலைக்காகக் கிழக்கு நோக்கிப் புதைக்கும் வழக்கம் கிறிஸ்தவர்களிடமும் வெகுகாலம் இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இதில் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கிறது.

நான் கற்பித்த பள்ளியின் சபையில் மூப்பராக இருந்த ஒருவர், தம் தகப்பனாரின் அடக்கத்துக்கு என்னை மலைக்கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். வெள்ளிக்கிழமை இரவு முழுவதும் கீர்த்தனைகள் பாடினார்கள். எனக்குச் சொற்கள் புரியவில்லையே தவிர ராகங்கள் பல நம் பாமாலைகளில் உள்ளவைதாம். சனிக்கிழமை காலையில் போதகர் ஜெபித்து அடக்கம் செய்தார். கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் கற்றாழைத் துண்டுகள் போட்ட தண்ணீரில் கை கழுவினார்கள். இறந்தவரை வழியனுப்பவென்று ஒரு மாடு அடிக்கப்பட்டு எல்லாருக்கும் பரிமாறப்பட்டது. அதற்கு மொஹோஹா என்று பெயர். நான் சாப்பிடத் தயங்கினேன். ‘விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் புசிக்கலாமா’ என்ற வசனமெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மூப்பர் அதைக் கவனித்துவிட்டார். சில நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த என் தகப்பனாரின் புகைப்படத்தையும் அதில் தொங்கிய சந்தன மாலையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஆசிரியரே, நீங்கள் இவரை வணங்குகிறீர்களா’ என்று கேட்டார். இல்லை, இவர் என் தகப்பன் என்றேன். ‘நவம்பர் மாதத்தில் உங்கள் ஊரில் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவதாகச் சொன்னீர்களே, அங்கே யாரிடம் ஜெபிக்கிறீர்கள்?’ கடவுளிடம் என்றேன். ‘நானும் அப்படித்தான், ஐயா’ என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். வேறொன்றும் பேசவில்லை. அவருடைய பதில் எல்லா மொசோத்தோவுக்கும் (பசோத்தோ மக்களில் ஒருவரை அப்படித்தான் சொல்வார்கள்) பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பாடிமோவுக்கு அஞ்சி, நோய் வந்தாலும் மழை பொய்த்தாலும் அவர்கள் கோபம் என்று நடுங்கி, அடுத்தடுத்து ஆடுமாடுகளை அடித்துக் கடனாளியானவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே சடங்கை ஒருவர் நன்றியோடும் இன்னொருவர் பயத்தோடும் செய்யக்கூடும் என்பதும், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின.

நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்வதற்கு உண்மையான இடம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. ‘நமக்காகக் கடவுளிடம் பேசுகிறவர் யார்’ என்பது அவர்களுடைய பழங்கேள்வி. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது அந்தக் கேள்விக்கான பதில். மரித்து உயிரோடிருக்கிறவர், நம் மாம்சத்தில் பங்கெடுத்த மூத்த சகோதரர், நேரே பிதாவிடம் பரிந்து பேசுகிறவர் என்ற செய்தியை, தலைமுறைகளை ஏணியாக வைத்துக் கடவுளை அணுகிய ஒரு சமுதாயம் கேட்கும்போது, நாம் கேட்பதைவிட ஆழமாகவே கேட்கும். எபிரெயர் நிருபத்தை நான் அங்கே போய்த்தான் புரிந்துகொண்டேன். ஆனால் பாடிமோ பிசாசுகள் என்று தொடங்குகிறவனுக்கு இந்த வாசல் மூடிவிடும். ஒருவனுடைய தகப்பனைப் பேய் என்று சொல்லிவிட்டு அவனிடம் பரம பிதாவைப் பற்றிப் பேசுவது எப்படி?

இது மிகைப்பேச்சு அல்ல. செசோத்தோவின் சகோதர மொழியான செட்ஸ்வானாவின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில், இயேசு துரத்திய பேய்களைக் குறிக்கவே முன்னோர்களுக்கான அந்தச் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டார்கள். மத்தேயு எட்டாம் அதிகாரத்தை வாசிக்கக் கேட்ட பாட்டி ஒருத்திக்கு, இயேசு தன் தாய்தகப்பனைப் பன்றிக் கூட்டத்துக்குள் விரட்டியதாகவே கேட்டிருக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வருகிற நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. சுடலைமாடனுக்குப் படையல் வைத்த நம் பாட்டன்மாரின் சமயத்தை ஒட்டுமொத்தமாகப் ‘பேய் வணக்கம்’ என்று ஐரோப்பிய மிஷனெரிகள் நூல் எழுதி அச்சிட்டதும், அதைப் படிக்கத் தெரிந்த தலைமுறை எழுந்தபோது அதனால் விளைந்த மனக்காயமும் நம்முடைய சொந்தச் சரித்திரம். நமக்குச் செய்யப்பட்டதை நாம் இன்னொருவருக்குக் கைப்பிரதியில் செய்கிறோம்.

பிரெஞ்சு மிஷனெரிகளும் நல்லவர்கள்தாம், அந்த மக்களுக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள்தாம். ஆயினும் மாடு கொடுத்துப் பெண்ணெடுக்கும் பொஹாலி வழக்கத்தையும், இளைஞர்களை மலைக்கு அழைத்துப் போய் ஆளாக்கும் லெபொல்லோ சடங்கையும் சபைக்கு விரோதமானவை என்று தடுத்தார்கள். பல மனைவியருள்ள ஒருவர் ஞானஸ்நானம் பெறவேண்டுமானால் ஒருத்தியைத் தவிர மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும் என்றார்கள். அனுப்பப்பட்ட பெண்ணும் அவள் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு நல்ல பதில் யாரிடமும் இருக்கவில்லை. விளைவு என்ன? வழக்கங்கள் ஒழியவில்லை, ஒளிந்துகொண்டன. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஒரு மனிதன், வீட்டுக் கொட்டிலில் இன்னொரு மனிதன் என்று இரட்டை வாழ்க்கை வாழும் பழக்கத்தைச் சபையே கற்றுக்கொடுத்தது.

இதற்கு மாறாக மொஷ்வேஷ்வேயைப் பாருங்கள். 1824ஆம் ஆண்டில் அவர் தம் மக்களைத் தாபா பொசியுவுக்கு அழைத்துச் சென்ற வழியில், பஞ்சத்தால் நரமாமிசம் தின்னத் தலைப்பட்டிருந்த கூட்டம் ஒன்று அவருடைய பாட்டன் பீட்டேயைப் பிடித்துத் தின்றுவிட்டது. பின்னர் அந்தக் கூட்டத்தார் மன்னரிடம் அகப்பட்டபோது, கொன்றுவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். இவர்கள் வயிறுதான் என் பாட்டனின் கல்லறை, கல்லறையை நான் இடிக்கமாட்டேன் என்றார் அவர். ஒரு மாட்டை அடித்து, அதன் இரைப்பையில் கிடந்த பாதி செரித்த புல்லை எடுத்து, கல்லறையைத் தூய்மை செய்யும் முறைப்படி அந்த மனிதர்களின் உடலில் பூசச் செய்து, அவர்களைத் தம் குடிகளாக ஏற்றுக்கொண்டார். முதல் மிஷனெரி வருவதற்கு முன்னால் நடந்தது இது. பாடிமோவின்மீது வைத்த மரியாதையிலிருந்து பிறந்த மன்னிப்பு. சத்துருவைச் சிநேகிப்பது பற்றி அங்கே பிரசங்கிக்கப் போகிறவர்கள், கேட்பவர்கள் இந்தக் கதையைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே மன்னர்தான் 1855ஆம் ஆண்டில், சூனியம் என்பது அதைப் பற்றிப் பேசுகிறவர்களின் வாயில்தான் இருக்கிறது என்றும், சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி ஒருவரைக் கொல்பவனுக்கு மரணதண்டனை என்றும் எழுத்து மூலம் சட்டம் பிறப்பித்தார். அப்போதும் அவர் ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. கடைசிவரை பெறவுமில்லை: பிரெஞ்சு சபையும் கத்தோலிக்க சபையும் அவரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்து எல்லாம் ஆயத்தமான நிலையில், 1870 மார்ச் 11 அன்று, குறித்த நாள் வருமுன்பே அவர் கண்மூடினார்.

பழைய வழியில் இருப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. மருந்துக்காக மனித உறுப்புகளை வெட்டியெடுக்கும் லிரெட்லோ கொலைகள் 1940களில் அந்நாட்டை உலுக்கின. 1949இல் பெருந்தலைவர்கள் இருவர் அந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். நான் இருந்த காலத்திலும் தாய்மார் அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்கள். இவற்றை எதிர்த்துப் பேசுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் தகப்பனின் கல்லறைக்கு மரியாதை செய்பவனையும் கொலைகாரனையும் ஒரே வாக்கியத்தில் ‘இருள்’ என்று அடைப்பதை அநீதி என்றே சொல்வேன். அந்தக் கொலைகளை நம்மைவிட உரக்கக் கண்டிப்பவர்கள் பசோத்தோ மக்களே.

இரு வழிகளும் அங்கே எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு மன்ட்சொபா என்ற பெண்மணி ஒருவரே போதும். மொஷ்வேஷ்வேயின் போர்களில் வெற்றியை முன்னறிவித்த தீர்க்கதரிசினி அவர். 1870ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்று அன்னா ஆனார். 1906ஆம் ஆண்டில் மறைந்தார். எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவின் மோடர்போர்ட்டில் குகைக் கோயிலுக்கு அருகே உள்ள அவர் கல்லறைக்கு, சிலுவை தரித்த சபையாரும் மணிமாலை அணிந்த குறிசொல்பவர்களும் ஒரே பாதையில் வருகிறார்கள். விண்ணப்பங்களைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, ஊற்றுநீரை எடுத்துச் செல்கிறார்கள். அவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்று மோடர்போர்ட்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

இனி என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். கைப்பிரதியின் மூன்றாம் பத்தியை நீக்கிவிடுங்கள். போகுமுன் அங்குள்ள சபைகளுக்கு எழுதி, அவர்கள் அழைத்தால் அவர்களுடைய விருந்தினராகப் போங்கள். 1964ஆம் ஆண்டிலேயே சுயாட்சி பெற்ற சபை அங்கே இருக்கும்போது, மேடை போட்டு நாமே கூட்டம் நடத்துவது வீட்டுக்காரரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு நாம் உள்ளே சமைப்பதற்கு ஒப்பாகும். பாடிமோவைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் அதை ஒரு மொசோத்தோ போதகர் பேசட்டும்; நீங்கள் கேளுங்கள். வயதில் மூத்த ஆணை ‘ன்டாட்டே’ என்றும் பெண்ணை ‘எம்மே’ என்றும் அழைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தகப்பனே, தாயே என்று பொருள். பெயர் சொல்லி அழைப்பது நம் ஊரைப் போலவே அங்கும் மரியாதைக் குறைவு.

இன்னும் ஒன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சுகமளிக்கும் கூட்டங்கள் நடத்தப்போவதாகக் கைப்பிரதியில் இருக்கிறது. அந்நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறார்கள், அன்றாடம் தவறாமல் விழுங்கும் மாத்திரையினால்தான் உயிரோடிருக்கிறார்கள். ‘விசுவாசித்தால் மருந்து வேண்டாம்’ என்று உங்கள் மேடையிலிருந்து ஒருவர் சொன்னாலும், அதற்கு விலை கொடுப்பவர் நம் ஊருக்குத் திரும்பி வருகிறவர் அல்லர். பாரம்பரிய வைத்தியரான ஙாக்காவிடம் போவதை ஓங்கிக் கண்டிக்கும் நாம், மருத்துவமனை மாத்திரையை நிறுத்தச் சொல்வோமானால், அந்த வைத்தியரைவிட எந்த விதத்தில் மேலானவர்கள்?

செசோத்தோவில் முகமன் சொல்லவும் நாலைந்து கீர்த்தனைகள் பாடவும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சனிக்கிழமை பிற்பகலில் உங்கள் குழுவினர் வந்தால் சொல்லிக்கொடுக்கிறேன். சந்தன மாலை போட்ட படமும் சுவரில் அப்படியே இருக்கிறது. மூன்றாம் பத்தி இல்லாத கைப்பிரதி அச்சாகி வந்தால், ஆலய வாசலில் நின்று நானே அதை விநியோகிக்கச் சித்தமாயிருக்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை